தொன்மை தேடிய ஆசிரியர்

நுழையும்முன்

புதுச்சேரி என்றவுடன் கடற்கரையும் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களும் நம் நினைவிற்கு வரும். அந்நகருக்கு மிக அருகில், ஆற்றங்கரை மேடொன்றின் அடியில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட துறைமுகப் பட்டினம் ஒன்று புதைந்து கிடந்தது. அதன் பெருமையை உலகறியச் செய்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். தமிழகக் கோயில்களின் வடிவ வளர்ச்சியையும் பல்லவர் வரலாற்றையும் மறைந்துபோன ஓவியங்களையும் ஆராய்ந்தவரும் அவரே. அவருடைய வாழ்வையும் பணியையும் அறிவோம்.

கல்லூரியும் களமும்

கபிரியேல் ழுவோ துப்ரேய் 1885ஆம் ஆண்டில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கிருந்த அரசுக் கல்லூரியில் அவர் பேராசிரியராகப் பணியாற்றினார். தொல்லியல் அவருக்கு ஊதியம் தந்த தொழிலன்று. வகுப்பறைப் பணி போக எஞ்சிய காலத்தையே அவர் கோயில்களுக்கும் குகைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் செலவிட்டார்.

அக்காலத்தில் தென்னாட்டுக் கோயில்களைப் பற்றிய தெளிவு அறிஞரிடையே குறைவாகவே இருந்தது. ஒரு கோயில் பல்லவர் காலத்ததா, சோழர் காலத்ததா, நாயக்கர் காலத்ததா என்பதை உறுதியாகச் சொல்வது அரிதாயிருந்தது. கல்வெட்டு உள்ள கோயிலுக்கு அதுவே சான்றாயிற்று. கல்வெட்டு இல்லாத கோயிலுக்குக் கதைகளே சான்றாயின. தலபுராணங்கள் எல்லாக் கோயில்களையும் நினைவுக்கு எட்டாத காலத்திற்குக் கொண்டு சென்றன. ஐரோப்பிய ஆய்வாளர் சிலரோ இக்கட்டடங்கள் அனைத்தையும் ஒரே தன்மையனவாகக் கருதினர். கோயிலின் கல்லே தன் காலத்தைச் சொல்லும்படி செய்ய இயலுமா என்பதே துப்ரேய் தமக்குள் எழுப்பிக்கொண்ட வினாவாகும்.

சிற்பியரிடம் கற்ற பாடம்

அவ்வினாவிற்கு விடை காண அவர் மேற்கொண்ட வழி எளியது. காலம் தெரிந்த கோயில்களை முதலில் வரிசைப்படுத்தினார். அவற்றின் சிறுசிறு உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். தூணின் தலைமேல் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கூரை விளிம்பாகிய கொடுங்கையில் அமையும் கூடு, சுவரில் அமையும் கோட்டம் ஆகியவை நூற்றாண்டுதோறும் வடிவம் மாறி வந்திருப்பதைக் கண்டார். அரசர் மாறினும் சமயம் மாறினும் சிற்பியின் உளி தன் முன்னோர் செய்த வடிவத்தையே எடுத்துச் சிறிது மாற்றியது. அம்மாற்றங்கள் தொடர்ச்சியாகவும் ஒரே திசையிலும் நிகழ்ந்தன. எனவே, உறுப்பின் வடிவைக் கொண்டு கோயிலின் காலத்தை அறியலாம் என்பது அவரது முடிவாயிற்று.

இவ்வாய்வில் அவருக்குத் துணைநின்றவர்கள் அக்காலத்தில் கோயில் திருப்பணி செய்துகொண்டிருந்த சிற்பியர் ஆவர். கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய பெயரை அவர்களிடம் கேட்டறிந்தார். பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவர், சிற்றுளி பிடித்த கையர் முன் மாணவராக நின்றார். தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்த அச்சொற்கள் அவருடைய நூலின் வழியே பிரெஞ்சு மொழிக்குச் சென்றன.

தென்னிந்தியாவின் தொல்லியல் குறித்த அவருடைய பெருநூல் 1914ஆம் ஆண்டில் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி கட்டடக் கலையையும், இரண்டாம் தொகுதி தெய்வ வடிவங்களையும் விளக்கின. பாரிசுப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் அவருக்குக் கிட்டியது. திராவிடக் கட்டடக் கலை பற்றிய அவரது சிறுநூல் 1917இல் ஆங்கிலத்தில் வெளியாகித் தமிழகத்து மாணவர் கைகளையும் அடைந்தது.

தெரிந்து தெளிவோம்

துப்ரேய் தமிழகக் கட்டடக் கலையை ஐந்து காலப் பிரிவுகளாக வகுத்தார். கி.பி. 600 முதல் 850 வரை பல்லவர் காலம். 850 முதல் 1100 வரை முற்சோழர் காலம். 1100 முதல் 1350 வரை பிற்சோழர் காலம். 1350 முதல் 1600 வரை விசயநகரக் காலம். 1600க்குப் பிற்பட்டது மதுரைப் பாணிக் காலம். பல்லவர் போதிகை வளைந்த வடிவினது. அலைபோன்ற வரிகளை உடையது. முற்சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவே துருத்திய பகுதியைக் கொண்டது. விசயநகரக் காலத்தில் அது மொட்டு வடிவம் பெற்றது. அதன்பின் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூவின் வடிவை அடைந்தது. கூட்டின் உச்சி பல்லவர் காலத்தில் மண்வெட்டியின் தலைபோல இருந்தது. சோழர் காலத்தில் சிங்கமுகமாயிற்று.

நம் ஊர்க் கோயிலும் ஓர் ஏடு

காவிரிப் படுகையில் வாழ்வோர்க்கு இவ்வாய்வு மிகவும் நெருக்கமானது. நன்னிலத்தில் கோச்செங்கட்சோழன் எழுப்பியதாகக் கூறப்படும் மாடக்கோயில் உள்ளது. திருவாரூர், தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என எத்திசை சென்றாலும் பெருங்கோயில்கள் நிற்கின்றன. நெல்வயல்களுக்கு நடுவே பெயர் பரவாத சிறு கோயில்கள் இன்னும் பல. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. கருவறை ஒரு நூற்றாண்டிலும், முன்மண்டபம் மற்றொரு நூற்றாண்டிலும், கோபுரம் வேறொரு நூற்றாண்டிலும் எழுந்திருக்கலாம். ஒரே கோயிலின் உட்புறத் தூணில் சாய்வான சோழர் போதிகையும் வெளிமண்டபத் தூணில் வாழைப்பூப் போதிகையும் காணப்படுமாயின், அவ்விரு தூண்களுக்கும் இடையேயுள்ள சில அடித் தொலைவு பல நூற்றாண்டுகளின் தொலைவாகும். வழிபடச் செல்லும் நாம் அண்ணாந்து பார்த்தால் அவ்வரலாற்றைப் படித்துவிடலாம். துப்ரேய் நமக்குத் தந்த கொடை அப்பார்வையே எனலாம்.

பல்லவரைத் தேடி

கட்டடக் கலையை ஆராய்ந்தவர்க்கு அதன் தொடக்கத்தை அறியும் ஆர்வம் எழுவது இயல்பு. தமிழகத்தில் கல்லைக் குடைந்து கோயில் அமைத்த பல்லவரை நோக்கி அவர் கவனம் திரும்பியது. குன்றுகளையும் குடைவரைகளையும் தேடிச் சென்றார். பல்லவர் தொன்மைகள் பற்றிய அவருடைய நூலின் இரு தொகுதிகள் 1916, 1918ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பல்லவர் வரலாறு குறித்த நூல் 1917இல் வெளியாயிற்று. அதனைப் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு மாற்றியவர், அதே கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த சுவாமிநாத தீட்சிதர் ஆவார். தக்காணத்தின் பழைய வரலாற்றைக் கூறும் நூல் 1920இல் வந்தது.

மகேந்திரவர்மன், மாமல்லன், இராசசிம்மன் ஆகிய மன்னர்களின் பெயரால் பல்லவர் கலையைப் பாணிகளாகப் பிரித்துக் காணும் முறை அவருடைய ஆய்வால் வலுப்பெற்றது. மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் இன்று நாம் அறியும் முறைக்கு அடித்தளமிட்டவருள் அவரும் ஒருவர்.

சுவரில் மறைந்த வண்ணம்

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் பழைய ஓவியங்களின் தடயங்கள் இருப்பதைக் கோபிநாத ராவ் என்னும் தொல்லியல் அறிஞர் கண்டறிந்தார். அவர் வழியாகச் செய்தி அறிந்த துப்ரேய் அவ்விடம் சென்று ஆராய்ந்து, அவ்வோவியங்களின் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தார். விதானத்தில் விரியும் தாமரைத் தடாகமும் தூண்களில் ஆடும் நங்கையரும் கலை வரலாற்றில் இடம்பெற்றனர். தென்னாட்டிலும் அசந்தாவிற்கு ஒப்பான ஓவியமரபு இருந்தது என்பது புலனாயிற்று.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சிறு கோட்டங்களில், சுண்ணாம்புப் பூச்சிற்கு அடியில் ஒளிந்திருந்த பல்லவர் ஓவியங்களை அவர் 1931இல் வெளிக்கொணர்ந்தார். பனைமலைக் கோயிலின் ஓவியமும் அவரால் அறிஞர் கவனத்திற்கு வந்தது. அதே 1931ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவிந்தசாமி கண்டறிந்தார். ஓராண்டிற்குள் பல்லவர் வண்ணமும் சோழர் வண்ணமும் திரைநீங்கி வெளிப்பட்டது தமிழகக் கலை வரலாற்றின் நற்பேறாகும்.

சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரவர்மன் காலத்தனவாகத் துப்ரேய் கருதினார். அக்குடைவரையின் பாண்டியர் கல்வெட்டு, சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அதனைப் புதுப்பித்த செய்தியைக் கூறுகிறது. இதன் அடிப்படையில் அவ்வோவியங்கள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனப் பின்வந்த அறிஞர் பலர் கொண்டனர். ஆய்வாளரின் முடிவு திருத்தப்படுவது அவர்க்கு இழிவாகாது. அவர் வழிகாட்டியிராவிடில் திருத்துவோர்க்கும் அங்குச் செல்லும் வாய்ப்பு வாய்த்திராது.

சிறுவர் கையில் ஒரு மணிக்கல்

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்த மேடு அரிக்கமேடு. ஆறு கரையை அரிக்கும்போதெல்லாம் பழைய செங்கற்களும் பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதனைக் கவனித்தவர் ஒருவர் உண்டு. கதிரவனைச் சுக்கிரன் கடக்கும் காட்சியை 1769இல் காண்பதற்காகப் புதுச்சேரி வந்திருந்த லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானியலாளரே அவர். அன்று வானை மேகம் மூடியதால் அவர் எதிர்பார்த்த காட்சி கிட்டவில்லை. ஆயினும், இப்பகுதியில் தாம் கண்ட பழைய செங்கற் கட்டுமானங்களைப் பற்றித் தம் பயண நூலில் எழுதிவைத்தார். அச்செய்தி நூலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக மேட்டின் செங்கற்கள் வீடு கட்ட எடுத்துச் செல்லப்பட்டன. ஆறும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

1937ஆம் ஆண்டில் அம்மேட்டில் விளையாடிய சிறுவர்கள் தாங்கள் பொறுக்கிய வண்ணக் கற்களைத் துப்ரேயிடம் காட்டினர். மழையில் கழுவப்பட்டு மினுங்கிய பாசிமணிகளுக்கு இடையே, மனிதத் தலை குழிவாகச் செதுக்கப்பட்ட கல்லொன்று இருந்தது. விளையாட்டுப் பொருளென எண்ணி அவர் அதனைத் திருப்பித் தந்திருக்கலாம். அவரோ அத்தலை உரோமப் பேரரசன் அகஸ்டசின் தலை எனக் கருதினார். அவ்விடத்தில் உரோமரோடு தொடர்புடைய நகரம் ஒன்று புதைந்துள்ளது எனப் புதுச்சேரி அரசிற்கு எழுதித் தெரிவித்தார்.

பிரெஞ்சு நாட்டினர் ஒருவர்க்கு அகஸ்டசின் பெயர் புதிதன்று. அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள நீம் நகரத்து வாயில்களுள் ஒன்று அகஸ்டசின் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய பெயரர் இருவர்க்கு அர்ப்பணிக்கப்பட்ட கோயிலும், மக்கள் அமர்ந்து விளையாட்டுக் காணும் வட்ட அரங்கமும் அங்கு இன்றும் நிற்கின்றன. ஆர்ல் நகரிலும் அத்தகைய அரங்கம் உண்டு. நீம் நகருக்கு நீர் கொண்டுவந்த கால்வாயைத் தாங்கும் மூன்றடுக்குப் பாலம் உரோமர் பொறியியலுக்குச் சான்றாகும். அக்கோயில் ஆலயமாகவும் குடியிருப்பாகவும் அரசு மனையாகவும் மாறிமாறிப் பயன்பட்டதால் அழியாமல் பிழைத்தது. உரோமர் தொன்மை அங்குத் தலைக்குமேல் உயர்ந்து நின்றது. இங்குக் காலடியில் புதைந்து கிடந்தது. அங்கே அதனைக் காணக் கண் போதும். இங்கே அதனைக் காண, சிறுவர் தந்த சிறு கல்லையும் மதிக்கும் உள்ளம் வேண்டியிருந்தது.

மண் சொன்ன சான்று

ஒரு கல்லைக் கொண்டு ஒரு நகரை நிறுவிவிட முடியாது. கடல் கடந்து வந்த ஒரு மோதிரக்கல் எவர் கையிலும் எவ்வூரையும் சென்று சேரலாம். ஆகவே அகழாய்வு தேவைப்பட்டது. 1941ஆம் ஆண்டையொட்டிப் போஷே என்னும் பாதிரியாரும் சுர்லோ என்பவரும் அங்கு அகழ்ந்து பல பொருள்களை எடுத்தனர். அவை புதுச்சேரி நூலகத்தில் வைக்கப்பட்டன.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உரோமர் மதுச்சாடியின் உடைந்த பகுதியொன்றைக் கண்டு வியந்தார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என அறிந்து புதுச்சேரிக்கு விரைந்தார். அங்கே நூலகத்தில் செந்நிறப் பளபளப்புடைய அரிட்டைன் மட்கலத் துண்டுகளைக் கண்டார். இத்தாலி நாட்டின் அரெட்சோ நகரோடு தொடர்புடையது இவ்வகை மட்கலம். அது எக்காலத்தில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்ட செய்தி. எனவே, அத்துண்டு எந்த மண்ணடுக்கில் கிடைக்கிறதோ அந்த அடுக்கின் காலமும், அதனுடன் கிடைக்கும் உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெளிவாகிவிடும். ஆண்டு பொறிக்கப்படாத தென்னாட்டுத் தொல்பொருள்களுக்கு அது ஒரு நாட்காட்டியாயிற்று.

வீலர் 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். நீண்ட செங்கற் கட்டடம் ஒன்றும், துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என அவர் கருதிய தொட்டிகளும், மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ் குறிப்பிடும் பொதுகே துறைமுகம் இதுவே எனக் கருதப்பட்டது. அந்நூல் அதனோடு சேர்த்துக் கூறும் கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என அறிஞர் கொள்வர். காவிரி முகத்துவாரத்திற்கும் அரியாங்குப்பம் ஆற்றுக்கும் வந்த மரக்கலங்கள் ஒரே கடற்பாதையில் சென்றவை என்பதை எண்ணும்போது, நம் ஊர்களின் வரலாறு உலக வரலாற்றோடு பிணைந்திருப்பது விளங்கும்.

அரிக்கமேட்டின் உண்மை அறிவியல் முறையில் நிறுவப்பட்ட அதே 1945ஆம் ஆண்டில் துப்ரேய் மறைந்தார். சிறுவர் காட்டிய கல்லில் அவர் கண்ட நகரம் மண்ணிலிருந்து எழுந்தபோது, அவருடைய வாழ்நாள் நிறைவெய்தியது.

எவருடைய பட்டினம்?

துப்ரேய் இதனை உரோமர் நகரம் எனக் கருதினார். வீலர் இந்திய உரோம வணிக நிலையம் என்றார். இருவர் பார்வையிலும் கடல் கடந்து வந்தவரே முன்னின்றனர். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து விமலா பெக்லே தலைமையில் அமைத்த குழுவும் மீண்டும் அங்கு அகழ்ந்தனர். உரோமரோடு வணிகம் தொடங்குவதற்கு முன்பே அங்கு ஊர் இருந்தது என்பதும், அவ்வணிகம் தளர்ந்தபின்னும் அவ்வூர் நெடுங்காலம் நிலைத்தது என்பதும் தெளிவாயின. மணி கோத்தவரும் பானை வனைந்தவரும் இந்நிலத்து மக்கள். பானையில் தம் பெயரைத் தமிழில் கீறியவரும் அவர்களே. மேலைநாட்டு மதுச்சாடி அங்கு வந்தது, இங்குள்ளோர் செய்த பொருளைத் தேடி வந்த கப்பலில்தான். உரோமர் வருகையால் தோன்றிய ஊர் அன்று அது. உரோமரையும் வரவழைத்த தமிழர் பட்டினம்.

ஒருவர் தொடங்கிய தேடலை மற்றவர் தொடர்வதும், முன்னவர் முடிவைப் பின்னவர் செப்பம் செய்வதும் அறிவுலகின் முறை. துப்ரேய் கூறிய சில முடிவுகள் இன்று மாறியுள்ளன. ஆனால் கோயில் உறுப்பின் பெயரைச் சிற்பியிடம் கேட்டதும், சுண்ணாம்புப் பூச்சிற்கு அடியில் வண்ணத்தைத் தேடியதும், சிறுவர் காட்டிய கல்லை உற்று நோக்கியதும் இன்றும் மாறாத வழிகாட்டுதல்களாக உள்ளன. லெ ழாந்தியின் குறிப்பிற்கும் சிறுவர் காட்டிய கல்லிற்கும் இடையே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்கால இடைவெளியில் அரிக்கமேடு இழந்த செங்கற்கள் எத்தனை என்பதை எவரும் கணக்கிட இயலாது.

நம் ஊர்களிலும் மேடுகள் உள்ளன. வயலில் ஏர்முனை தட்டும் ஓடுகள் உள்ளன. வெள்ளையடிக்கப்பட்ட மண்டபங்கள் உள்ளன. குளம் தூர்வாரும்போதும் வீட்டிற்கு அடித்தளம் தோண்டும்போதும் வெளிப்படும் பழம்பொருளை எறிந்துவிடாமல், அது கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து உரியவரிடம் தெரிவிப்பது நம் கடமையாகும். அரிக்கமேட்டில் அக்கல்லை முதலில் கண்டெடுத்தவர்கள் உங்களினும் இளைய சிறுவர்கள் என்பதை மறவாதீர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயிலின் தூண்களில் உள்ள போதிகைகளைப் பார்த்து வரைக. துப்ரேய் வகுத்த காலப் பிரிவுகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் பகுதியில் பணிபுரியும் சிற்பி, தச்சர், குயவர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளுடன் தொகுத்து எழுதுக.

3. அரிக்கமேட்டை உரோமர் நகரம் என்பது பொருந்துமா, தமிழர் பட்டினம் என்பது பொருந்துமா? பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு உங்கள் கருத்தை நிறுவுக.